மரம் இருந்த குழியில் மரம்

எழுத்து எனக்குக் கோணல்மாணலாகத்தான் வரும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. முன்னே பின்னே சொல்லிவிடுவேன், பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது, அதனால் எழுதுகிறேன்.

ஒரகடம் பக்கம், எங்கள் ஏரிக்கரைக்குக் கீழே ஒரு மரப்பூங்கா இருக்கிறது. பொது இடம், யாரும் போகலாம். காட்டுப் பார்க் என்போம். நடுவில் வேம்பும் புங்கனும் அடர்ந்து நிற்கும். கன்டெய்னர் லாரி சத்தம்கூட உள்ளே போனால் குறைந்துவிடும். முட்டிவலிக்கு நடக்கச் சொன்னார்கள் என்று போக ஆரம்பித்தேன். கையை வீசிக்கொண்டு சும்மா நடப்பானேன் என்று, குழாயில் குடம் பிடித்து ஓரத்துக் கன்றுகளுக்கு ஊற்றினேன். பார்த்துவிட்டு, பூங்காவை நடத்துகிறவர்கள் என்னையும் தன்னார்வலர் என்று சொல்லி ஒரு டீ-ஷர்ட் கொடுத்தார்கள். புடவைமேல் அதை மாட்டிக்கொண்டு தெருவில் வரக் கூச்சமாக இருக்கும். முந்தானையால் மூடிக்கொண்டு போவேன்.

அங்கே பழக்கமானாள் ஒரு பெண். திருநெல்வேலிப் பக்கம். இங்கே கம்பெனியில் லைனில் வேலை, ஹாஸ்டலில் தங்கல். போன மழைக்கு அவள் கம்பெனியே பஸ் வைத்துக் கூட்டிவந்து, ஆளுக்கு ஒரு கன்று நட வைத்தது. அவள் நட்டது நாவல். நட்ட மற்றவர்களுக்கு அப்புறம் நேரம் கிடைக்கவில்லை. இவள் மட்டும் லீவு கிடைக்கும்போதெல்லாம் வந்தாள்.

“ஹாஸ்டல்ல கட்டில்கூட ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் மாறுது ஆச்சி,” என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். “இந்த ஊர்ல எனக்குன்னு இருக்கது இந்த நாவ மரம் மட்டுந்தான். ஓ.டி.யில மாட்டிக்கிட்டா நீங்க பாத்துக்கிடுங்க.”

பார்த்துக்கொண்டேன். வெயில் காலம் முழுக்க ஊற்றினேன். என் இடுப்பளவு வந்து, செம்பு நிறத்தில் துளிர் விட்டிருந்தது.

இந்த மழைக்கு வேறொரு கம்பெனி நடவுக்கு வருவதாகச் சொன்னார்கள். அன்று காலையில் போனால், பார்க் மேஸ்திரி இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு போன வருடத்துக் கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பட்டுப்போனவை என்றால் சரி. பச்சையாக இருந்ததைப் பிடுங்கி, மண்ணை உதறி, வேலியோரம் வீசினார்கள். குழிக்குப் பக்கத்தில் புதுக் கன்று, புதுப் பெயர்ப்பலகை.

“இது உசுரோட கீதேப்பா,” என்றேன்.

“தெரியுது ஆயா. வர்றவங்களுக்குக் காலிக் குழி வேணும்ல?”

“புதுசா தோண்டு.”

“கல்லு பூமி. நீ வந்து கடப்பாரை புடிக்கிறியா? பஸ் வந்துகினு கீது, நவுரு.”

அப்படியே நாவலிடம் வந்தார். ஈர மண்ணில் அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

“இன்னா ஆயா இது? ஃபோட்டோல நீ குந்திகினு இருந்தா நல்லாவா இருக்கும்?”

“நல்லா இல்லன்னா எடுக்காத.”

பஸ் வந்துவிட்டது. தொப்பி போட்ட கம்பெனிப் பிள்ளைகள் இறங்கினார்கள். பெரிய அதிகாரி ஒருவர் குனிந்து, “பாட்டி டயர்டாயிட்டாங்க போல, தண்ணி குடுங்க,” என்றார். கொடுத்த பாட்டிலை நாவலுக்கு ஊற்றினேன். கை தட்டினார்கள். அதையும் படம் எடுத்தார்கள். இதெல்லாம் விழாவில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. சொல்ல வேண்டிய நேரம் அதுதான். காலி பாட்டிலைத்தான் திருப்பிக் கொடுத்தேன்.

அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு பெண் கன்றைச் சுற்றி மண்ணைத் தட்டித் தட்டி வைத்தாள், குழந்தையைத் தூங்கப் போடுகிற மாதிரி. அடுத்த மழைக்கு அதையும் பிடுங்குவார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தே செய்கிறவர்களை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது. ஒரு குழி தோண்டச் சோம்பி, ஒரு வருடம் வளர்ந்த உயிரைப் பிடுங்குவதா? அதற்குப் பெயர் பசுமையா?

அடுத்த லீவுக்குத் திருநெல்வேலிப் பெண் வந்தாள். நாவல் நின்றது. பக்கத்தில் வேறு கம்பெனி பலகை.

“ஏன் ஆச்சி, எங்க மரத்த வேற கம்பெனிக்கு வித்துட்டியளா?” என்று சிரித்தாள். அப்புறம் வேலியோரம் பார்த்தாள். காய்ந்து கிடந்ததில் ஒன்றை எடுத்தாள். தண்டில் சிவப்பு ரிப்பன் அப்படியே இருந்தது.

“இது எங்க லைன் பிள்ளைக கட்டுனது,” என்றாள். ஹாஸ்டலில் போய் அவர்களிடம் என்ன சொன்னாளோ, நான் கேட்கவில்லை.

வாசல் பலகையில் நட்ட மரங்களின் எண்ணிக்கையை மட்டும் கூட்டி எழுதியிருக்கிறார்கள். பிடுங்கியதைக் கழிக்கவில்லை.

வேலியோரம் கிடந்தது மருதமா, பூவரசா, எனக்கு இப்போது நிச்சயமில்லை. எத்தனை என்றும் எண்ணவில்லை. மேஸ்திரி சொன்னதில் ஒரு வார்த்தை முன்னே பின்னே இருக்கலாம். யாராவது நேரில் போய்ப் பார்த்து, தப்பிருந்தால் திருத்துங்கள். நாவல் மேற்கு மூலையில், குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. மழைக்கு முன்னால் போங்கள். மழை வந்தால் அடுத்த கம்பெனி பஸ் வந்துவிடும்.