ஒரே தட்டில் இரண்டு கிருமிகள்

காதர் பாய் செத்த கோழிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு நேராக எங்கள் கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டார். தொண்ணூறுகளின் பிற்பகுதி. ஓசூரில் கோழிகளுக்குத் தடுப்பூசி தயாரிக்கும் கம்பெனியில் நான் லேப் பொறுப்பாளர். அவருக்கு உத்தனப்பள்ளிப் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை, இரண்டு ஷெட். கோழி டைபாய்டுக்கான எங்கள் தடுப்பூசியை முதல் ஷெட்டுக்குப் போட்ட சில நாட்களிலேயே கோழிகள் கழிந்து கழிந்து விழ ஆரம்பித்தன.

“உங்க ஊசியில கிருமி உயிரோட இருக்குதாமே மேடம். அதுதான் கொன்னுனு இருக்குது. ரெண்டாவது ஷெட்டுக்குப் போட மாட்டேன். பக்கத்துப் பண்ணைக்காரங்களுக்கும் சொல்லிட்டேன்” என்றார்.

ஊசியில் இருப்பது உயிருள்ள கிருமிதான், ஆனால் வலுவிழக்கச் செய்தது. பண்ணைகளில் நோய் தருகிற கிருமி வகையும் எங்கள் ஊசியில் இருக்கும் இந்த வகையும் மைக்ராஸ்கோப்பில் ஒன்றுபோலவே தெரியும். பிரித்துச் சொல்ல டி.என்.ஏ. பார்க்க வேண்டும். அதைப் பெருக்கிக் கொடுக்கும் பி.சி.ஆர். மெஷின் அப்போதுதான் எங்களுக்கு வந்திருந்தது.

செத்த கோழிகளின் ஈரலிலிருந்து கிருமியை எடுத்துத் தட்டுகளில் வளர்த்தேன். ஒரே கிருமி பெருகித் திரளும் புள்ளியைக் காலனி என்போம்; அப்படி ஒரு காலனியை எடுத்து பி.சி.ஆர். செய்தேன். டி.என்.ஏ.வைக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் எங்கள் வாக்சின் கிருமிக்குப் பக்கத்திலேயே ஓட்டினேன். இரண்டின் கோடுகளும் அப்படியே பொருந்தின.

மேனேஜர் நாகராஜ் சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. “ரோஸ்லின், இது வெளிய போனா கம்பெனிய மூட வேண்டியதுதான். காரணம் தெரியலன்னு எழுதிக் குடுத்துடலாமா?”

“வேணாம் சார். ஊசி போட்ட கோழி ஈரல்ல நம்ம கிருமி கொஞ்ச நாள் இருக்கத்தான் செய்யும். அதுதான் கொன்னுதுன்னு ஆகாது. ஒரு காலனிதான் பாத்திருக்கேன். மிச்சத்தையும் பாத்துடறேன். அப்பவும் நம்மளுதுதான்னா அதையே எழுதுவேன்.”

அவர் “பாருங்க” என்றார்.

அதே தட்டுகளிலிருந்து காலனிகளைத் தனித்தனியாக எடுத்து ஓட்டினேன். சிலவற்றில் எங்கள் கோடுகள். பெரும்பாலானவற்றில் முற்றிலும் வேறு வரிசை. சந்தேகம் தீர, ஊசியே போடாத இரண்டாவது ஷெட்டில் செத்த ஒரு கோழியையும் வாங்கிவந்து பார்த்தேன். அதில் அந்த வேறு வரிசை மட்டும்தான் இருந்தது.

ஜெல் போட்டோவைப் பண்ணைக்கே எடுத்துப்போனேன். “இது நம்ம ஊசி, பாய். இது நோய். ஊசி போடாத ஷெட்லயும் நோய் புகுந்துடுச்சு.”

காதர் பாய் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஊசி போடறதுக்கு முன்னாடி கர்நாடகா பக்கத்துலருந்து கொஞ்சம் கோழி எடுத்தாந்து சேத்தேன். அதுல வந்துச்சோ என்னமோ. இப்ப என்ன மேடம் பண்றது?”

“சோர்ந்து கெடக்கறத பிரிச்சிடுங்க. ரெண்டாவது ஷெட்ல நல்லா இருக்கறதுக்கு இன்னிக்கே ஊசி போடணும்.”

அவரே கோழிகளைப் பிடித்துப் பிடித்துக் கொடுத்தார். முதல் ஷெட்டில் பாதிக்கு மேல் போய்விட்டது. இரண்டாவது ஷெட் தப்பியது. ஊசி வேண்டாமென்று நிறுத்திய பக்கத்துப் பண்ணைக்காரர்களும் மறுபடி கேட்டு வந்தார்கள்.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் ஜெல்லில் தவறு எதுவும் இல்லை. ஆனால் நான் அதில் ஓட்டியது ஒரு காலனியை மட்டும். அந்த ஒன்று நோய்க்கிருமியாக இருந்திருந்தால், மிச்சத்தைப் பார்க்காமல் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன். ஒன்றை மட்டும் பார்த்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். வந்த விடை உங்களுக்குச் சாதகமாக இருக்கும்போது, முக்கியமாகப் போடாதீர்கள்.