வத்தலக்குண்டு வெயிலில் காய்ந்த வீராயி

கொடைக்கானல் பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் நசுருதீனின் மகள் நஜ்லா, இன்று மூன்று பதிப்பகங்களுக்குப் படக்கதை வரைகிறாள். தொடங்கி வைத்தது ‘வளைவு வீராயி’. மலைப்பாதை வளைவுகளில் பறந்து வந்து, உருளும் பாறைகளைத் தாங்கிப் பேருந்துகளைக் காப்பாற்றும் சூப்பர் ஹீரோயின். முப்பத்திரண்டு பக்கமும் போஸ்டர் கலரில் தீட்டியது.

பத்து நாளில் மூலப்படங்கள் வராவிட்டால் வேறொருவர் கதை அச்சுக்குப் போய்விடும் என்று சென்னைப் பதிப்பகத்தில் சொல்லிவிட்டார்கள். பாதிப் பக்கங்கள் பாக்கி. ஆகஸ்ட் மாதம், மேகம் தெருவை விட்டு எழவேயில்லை. துவைத்த துணியே நாலு நாள் ஈரமாகக் கிடக்கிற ஊர். காய்ந்துவிட்டதென்று நம்பிப் பக்கங்களை அடுக்கி வைத்தாள். காலையில் பிரித்தால், ஐந்தாம் பக்கத்து வீராயியின் முகம் நான்காம் பக்கத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஹேர் டிரையர் பிடித்தாள்; வண்ணம் வெடித்தது.

கடைக்கு எதிரே வேனில் கேரட் ஏற்றிக்கொண்டிருந்தார் வேல்ராஜ். தினமும் வெள்ளனே காய்கறியோடு வத்தலக்குண்டுக்கு இறங்கி, சாயங்காலம் ஏறி வருகிறவர். வீராயி காயாத கதையை அவரிடம் புலம்பினாள்.

“குடு தங்கச்சி. கீழ வெயிலு கொளுத்துது. மண்டி மாடியில காயப்போட்டுக் கொண்டாறேன்.”

“காத்துல பறந்துருச்சுன்னா என்னண்ணே பண்றது?”

“பறக்குறதுதான அவ சோலியே?”

அன்றிலிருந்து நஜ்லா இரவில் தீட்டியதெல்லாம் பக்கத்து பேக்கரியில் இரவல் வாங்கிய தட்டுகளில் ஏறி, காலையில் கேரட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மலையிறங்கியது. ஒவ்வொரு தாளின் நாலு மூலையிலும் ஒரு உருளைக்கிழங்கை வைத்து வெயிலில் பரப்பினார் வேல்ராஜ். ஒருநாள் பதினெட்டாம் பக்கத்தின் மூலையில் கிழங்கின் செம்மண் அப்பிக்கொண்டு வந்தது. அவர் முகம் வாடிவிட்டது.

“கெடுத்துட்டேனே தங்கச்சி.”

நஜ்லா யோசிக்கவில்லை. மண்ணைச் சுற்றி ஒரு கோடு இழுத்தாள். உருளும் பாறைகளில் இன்னொன்று கூடியது.

ஒன்பதாம் நாள் அவளும் அதே வேனில் இறங்கினாள். காய்ந்த பக்கங்களை மறுபடி மலையேற்றாமல், வத்தலக்குண்டிலேயே கூரியரில் போட்டாள்.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியை வேனுக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தார் வேல்ராஜ். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

கதை, ஓவியம்: நஜ்லா.
காயவைத்தவர்: வேல்ராஜ்.

இரண்டு தடவை படித்தார்.

“உருளக்கெழங்க விட்டுட்டியே தங்கச்சி.”

“பதினெட்டாம் பக்கம் பாருங்கண்ணே.”