ஊர்வலத்தின் பின்பக்கம்

தசரா விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் 'நான் கண்ட தசரா ஊர்வலம்' என்று கட்டுரை எழுத வேண்டும் என்பது எங்கள் பள்ளியின் வழக்கம். மைசூரில் மகாராஜா காலத்தில் பெண்களுக்கென்று நடந்த ஒரு சின்னப் பள்ளி அது. பாடமெல்லாம் கன்னடத்தில் நடக்கும். தமிழ் பேசும் வீட்டுப் பெண்களுக்கு மட்டும் தமிழுக்குத் தனி வகுப்பு உண்டு. அந்த வகுப்பு என்னுடையது. என் அப்பா ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்தவர். நான் அங்கேயே படித்து அங்கேயே வேலைக்கும் சேர்ந்தவள். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. மேலே இருப்பவர்களுக்குப் பயப்பட வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குப் பயம்தான் வரவில்லை.

முதல் வருஷம் அந்தக் கட்டுரைகளைத் திருத்த உட்கார்ந்தபோது ஒரே கட்டுரையைத் திரும்பத் திரும்பப் படிப்பதுபோல் இருந்தது. எல்லாவற்றிலும் யானைகள் மலைகளைப் போல அசைந்து வந்தன. எல்லாவற்றிலும் மக்கள் வெள்ளம் கரைபுரண்டது. எல்லாவற்றிலும் அந்தக் காட்சி நெஞ்சை விட்டு அகலாமல் இருந்தது. விசாரித்ததில், தலைமையாசிரியை பல வருஷங்களுக்கு முன்பு எழுதிக் கொடுத்த கட்டுரை அது என்றும், அக்காமார்களிடமிருந்து தங்கைகளுக்கு வந்துகொண்டிருக்கிறது என்றும் தெரிந்தது.

மறுநாள் வகுப்பில் கேட்டேன்.

"மலை அசைஞ்சு உங்கள்ல யார் பார்த்தீங்க?"

சிரித்தார்கள். ஒருத்தியை எழுப்பி, "நீ எங்கே நின்னே?" என்றேன்.

"மாமா வீட்டு மாடியிலே, டீச்சர். ஆனா எனக்கு ஒண்ணும் தெரியலே. முன்னாடி அத்தை நின்னுட்டா. அவ கொண்டை மட்டும்தான் தெரிஞ்சது."

"அந்தக் கொண்டையை எழுது."

அவள் நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். கொண்டையில் என்ன பூ இருந்தது, கூட்டம் கத்தியபோது அது எப்படி ஆடியது, நகரச் சொன்னாளா, அத்தை என்ன பதில் சொன்னாள் என்று கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல வகுப்பு முழுவதும் அந்த மாடிக்கே போய்விட்டது. "ஆய்த்து, அவ்வளவுதான். இப்ப சொன்னதை அப்படியே எழுது" என்றேன்.

"பேசற மாதிரி எழுதினா மார்க் வருமா, டீச்சர்?"

"மார்க் போடறது நான்தானே?"

அன்று முதல் அதுதான் எங்கள் பாடம். நாள் முழுவதையும் எழுதாதே, கால் மணி நேரத்தை எழுது. பக்கத்தில் யார் நின்றார்கள், என்ன பேசினார்கள், எங்கே வலித்தது, எது நாறியது என்று எழுது. 'மகிழ்ச்சி அடைந்தேன்' என்று எழுதினால் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "அப்ப உன் கை என்ன பண்ணிச்சு?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுப்பேன். மூன்று முறை திருப்பியதில் ஒருத்தி அழுதாள். நான்காவது முறை அவள் கொண்டுவந்ததை நான் வகுப்பில் உரக்கப் படித்தேன்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் தனியாக உட்காருவாள். அவள் அப்பா நகரசபையில் தெரு கூட்டுகிறவர். எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்று அரசாங்க உத்தரவு வந்திருந்ததால் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். பக்கத்தில் உட்காரத்தான் யாரும் இல்லை. அவள் எழுதியது ஐந்தே வரி. மார்க்கெட் திருப்பத்தில் நின்றேன், ஊர்வலம் வந்தது, யானைகளுக்குப் பின்னால் அப்பா வந்தார், பார்த்தேன், வீட்டுக்கு வந்தேன்.

"அப்பா எதுக்கு யானைக்குப் பின்னாடி வந்தார்?" என்று கேட்டேன்.

"லத்தி அள்ள, டீச்சர்."

வகுப்பு சிரித்தது. அவள் தலையைக் குனியவில்லை. "ஆனை லத்தி போட்டுதுன்னா பின்னாடி வர்ற குதிரை வழுக்கிடும். அதுக்குள்ள அள்ளிடணும்" என்று சிரித்தவர்களைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்பா என்ன உடுத்தியிருந்தார்?"

"சிவப்புத் தலைப்பா. புதுசு. அன்னிக்கு மட்டும் குடுப்பாங்க."

"உன்னைப் பார்த்தாரா?"

"இல்லே."

"நீ கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன்."

"அப்புறம்?"

வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். "இங்கே சொல்ல வேண்டாம். இஷ்டமிருந்தா எழுது, இல்லேன்னா அதுவும் சரிதான்" என்றேன்.

அடுத்த வாரம் நான்கு பக்கம் கொண்டுவந்தாள். யானைகளின் நெற்றியில் எழுதியிருந்த கோலத்தை அவள் எழுதவில்லை. அவள் பார்த்தது வால்களை. கூடை நிறைந்ததும் அப்பா ஓடி ஓரத்தில் கொட்டிவிட்டுத் திரும்ப ஓடியதையும், தலைப்பாகை அவிழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டதையும் எழுதியிருந்தாள். பிறகு இப்படி:

'அப்பா என்று கத்தினேன். என் முன்னால் நின்ற அம்மாள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். சேலையை இழுத்துச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தாள். பக்கத்தில் நின்றவர்களும் நகர்ந்தார்கள். அவ்வளவு கூட்டத்தில் என்னைச் சுற்றி மட்டும் இடம் உண்டாயிற்று. அதனால் எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்தது. முன்னைவிடச் சத்தமாக மறுபடியும் அப்பா என்று கூப்பிட்டேன்.'

நான் சிவப்பு மைப் பேனாவை மூடி வைத்தேன்.

பரிசளிப்பு விழாவில் அந்த வருஷத்தின் சிறந்த கட்டுரையைப் படிப்பார்கள். நான் இதைக் கொடுத்தேன். தலைமையாசிரியை என்னை அறைக்கு அழைத்தார்.

"நன்னா எழுதியிருக்கா, நான் இல்லேங்கலை. 'என் தந்தை ஊர்வலத்தில் பணி செய்தார்'னு ஒரு வரி போட்டாப் போறுமே. லத்தி எதுக்கம்மா மேடையிலே? அந்தச் சேலைக்காரியும் வேண்டாம்."

"அதையெல்லாம் எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது மலை மாதிரி அசையற ஆனைதான், மேடம்."

"விழாவுக்கு வர்றவாள்ல அந்த அம்மா மாதிரி பத்துப் பேர் இருப்பாளே!"

"அவங்க கேக்கட்டும்னுதான் படிக்கச் சொல்றேன்."

அவருடைய முகம் சிவந்தது. நிகழ்ச்சி நிரலில் பெயரை மாற்றிவிட்டார். பழைய கட்டுரையை ஒப்பிக்க, முன் பெஞ்சில் இருந்த ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தார். மேடையில் பெயர்களை அழைப்பது என் வேலை. அதை மாற்ற அவருக்குத் தோன்றவில்லை.

நான் துணிந்துவிட்டேன். ஆனால் என் துணிச்சலுக்கு இன்னொருவர் வேலை போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா ஒரு பெட்டியைத் துடைத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். தான் நின்றார். கட்டுரையைப் படித்துக் காட்டும்படி பெண்ணிடம் சொன்னேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள். போகப் போகக் குரல் நிமிர்ந்தது. முடித்தபோது அவர் சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"எனக்குக் கேட்டுச்சு, தாயி" என்றார். மகளிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். "ரெண்டு தடவையும் கேட்டுச்சு. திரும்பினா மேஸ்திரி அதட்டுவாருன்னு திரும்பலே."

பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது அன்றுதான் தெரியும்.

விழாவைப் பற்றி, வரக்கூடிய தொந்தரவைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவர் மகளிடம் கேட்டார். "எழுதினதுல பொய் ஏதாச்சும் இருக்கா?"

"இல்லப்பா."

"அப்ப படி." பிறகு என் பக்கம் திரும்பினார். "வேலைக்கு ஏதாச்சும் வந்தா நான் பாத்துக்கறேன், தாயி. பேடா, வேண்டாம்னு சொன்னா மறுபடியும் திரும்பாமப் போன மாதிரி ஆயிடும்."

வெளியே வரும்போது, அப்பா சொன்னதையும் கட்டுரையில் சேர்க்கிறாயா என்று அவளைக் கேட்டேன். "அது ஊர்வலத்துல நடக்கலையே, டீச்சர். இன்னிக்கில்ல நடந்தது. அதை வேற எழுதறேன்" என்றாள். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

விழாவன்று காலையில் முன் பெஞ்சுப் பெண் என்னிடம் வந்தாள். "டீச்சர், எனக்குத் தொண்டை கட்டிண்டுடுத்து. என்னாலே படிக்க முடியாது" என்று கணீரென்ற குரலில் சொன்னாள். சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போய் அங்கே உட்கார்ந்தாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

மாலையில் முற்றம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அதிகாரிகளின் மனைவிமார் இருந்தார்கள். பெற்றோருக்குப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றில் அந்தப் பெண்ணின் அப்பா உட்கார்ந்திருந்தார். நான் அவள் பெயரை அழைத்தேன். தலைமையாசிரியை நாற்காலியில் பாதி எழுந்தார். விருந்தினர் பக்கத்தில் இருந்ததால் உட்கார்ந்துவிட்டார்.

லத்தி என்ற சொல் வந்ததும் முன்வரிசை சிரித்தது. அவள் சிரிப்பு அடங்கும்வரை நிறுத்தினாள். நான் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. சேலையைச் சுருட்டிக்கொண்ட இடம் வந்தபோது சிரிப்பு இல்லை. இரண்டு பேர் எழுந்து போனார்கள். மூன்றாவதாக எழுந்தவர், எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு மறுபடி உட்கார்ந்தார். கடைசி வரியைப் படிக்கும்போது அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை. உரக்க, நிஜமாகவே, "அப்பா!" என்று கூப்பிட்டாள். அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

சில இடங்களில் கைதட்டல் எழுந்தது. என் வகுப்புப் பெண்கள்தான் அதிகம் தட்டினார்கள்.

மறுநாள் தலைமையாசிரியை என்னை மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொன்னார். நானும் எழுதினேன். எந்த அறையில் யார் என்ன சொன்னார்கள், அப்போது என் கை என்ன செய்தது, யார் எழுந்தார்கள், யார் உட்கார்ந்தார்கள் என்று நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். மன்னிப்பு என்ற சொல் மட்டும் அதில் இல்லை. வருஷ முடிவில் என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணையும் வெளியே அனுப்பச் சொல்லி வந்தவர்களிடம், "வேணும்னா உங்க பொண்ணை அழைச்சுண்டு போங்கோ" என்று சொன்னவரும் அதே தலைமையாசிரியைதான். இரண்டு பேர் அழைத்துக்கொண்டு போனார்கள். அவள் அப்பாவின் வேலைக்கு ஒன்றும் வரவில்லை. அவள் அங்கேயே படித்து முடித்து, பிறகு நர்ஸ் பயிற்சிக்குப் போனாள்.

எனக்கு நஞ்சன்கூட்டில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவேன். முதல் நாளே அங்கிருந்த தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "மைசூர்ல நடந்ததெல்லாம் காதுக்கு வந்தது. இங்கே பாடத்திட்டத்தை மட்டும் நடத்தினாப் போதும்" என்றார்.

"அப்படியே செய்யறேன், சார். பாடத்திட்டத்துல 'சொந்த அனுபவத்தை எழுதுதல்'னு ஒரு வரி இருக்கு. அதுல இருந்தே ஆரம்பிக்கறேன்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன்.