மூன்றாம் நம்பர் சட்டையும் பெரட்டும்

ஒன்பது வருடம் கொழும்பில் ரக்பி விளையாடினேன். ஒரு தடவைகூடப் பந்தோடு ஓடிக் கோட்டைத் தாண்டியதில்லை. "டிவில பாத்தோம்டா, ஒன் முதுகுதான் தெரிஞ்சிச்சு" என்று எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் வேலையே அதுதான். பக்கத்துக்கு எட்டுப் பேர் குனிந்து, தலையைச் செருகி, முட்டித் தள்ளுவதற்கு ஸ்க்ரம் என்று பெயர். அதில் முன்வரிசையில் வலது ஓரம் நான். மூன்றாம் நம்பர் சட்டை. எதிரிகள் இரண்டு பேருடைய தோளுக்கு நடுவே என் தலை போகும். பின்னால் இருந்து எங்கள் ஆட்கள் தள்ளுவார்கள். இரண்டு பக்கப் பாரமும் என் கழுத்தில். நான் தாங்கினால் வேறொருவன் பந்தை எடுத்து ஓடுவான். பேப்பரில் அவன் படம் வரும்.

தெரணியகலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். இருபது வயதில் கொழும்பு ஹார்ட்வெயார் கடையொன்றில் சீமெந்து மூட்டை தூக்கப் போனேன். இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்குவதைக் கடைக்கு வந்த ஒருவர் பார்த்தார். ஏதோ கிளப்பின் பயிற்சியாளராம். மைதானத்துக்குக் கூட்டிப்போய் என் கழுத்தைச் சுற்றிக் கையால் அளந்தார். பந்தைக் கொடுத்துக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவது வருடம், கிளப் ஆள் ஒருவரின் கம்பெனி ஸ்டோரில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். விளையாடும் வரைக்கும் வேலை. அன்றைக்கே அம்மாவுக்கு போன் எடுத்தேன்.

"நாளையில இருந்து நீங்க பெரட்டுக்குப் போகக் கூடாதும்மா."

"போகாம? ஒக்காந்து தின்னு ஒன்ன மாதிரி ஊதவா?"

"ஊதுங்க."

அம்மா சரிவில் ஏறி இறங்கி ரப்பர் மரத்தில் பால் வெட்டியே முட்டி இரண்டும் தேய்ந்து போனவள். மறுபடி அவளைப் பெரட்டில் நிற்க விடுவதில்லை என்று எனக்குள் ஒரு பிடிவாதம். அதற்காகத்தான் அத்தனை பாரத்தையும் தாங்கினேன். விளையாட்டு மேல் ஆசையில் ஒன்றும் இல்லை.

பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிப்பது. கணக்கப்பிள்ளை ஏற இறங்கப் பார்ப்பார். "என்னா, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டால் ஒரே பதில்தான். "ஒன்னும் இல்லைங்க ஐயா." காய்ச்சலில் நடுங்கினாலும் அதுதான் பதில். உண்மையைச் சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார், அன்றைக்குப் பேர் விழாது, பேர் விழாவிட்டால் கூலி இல்லை. எங்கள் லயத்துப் பிள்ளைகள் நடை பழகும்போதே இதையும் பழகிவிடும்.

போன வருடம் என் வலது கைப் பெருவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்துப்போக ஆரம்பித்தன. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. தலையைத் திருப்பினால் கழுத்திலிருந்து கை நுனி வரைக்கும் கரண்ட் அடிக்கும். யாரிடமும் சொல்லவில்லை.

கிளப்பில் உடம்பைப் பார்க்கிற பிசியோ நல்ல மனுஷன். நான் கையை உதறுவதைக் கண்டு கூப்பிட்டார்.

"மல்லி, கை மரக்குதா?" என்று சிங்களத்தில் கேட்டார். மல்லி என்றால் தம்பி.

எனக்கு முன்னால் கணக்கப்பிள்ளை வந்து நின்ற மாதிரி இருந்தது. "ஒன்னும் இல்ல சேர்."

"ரெண்டு கையாலயும் என் விரலப் பிடிச்சு நெரிங்க பாப்போம்."

வலது கையில் பலம் இல்லை. அதனால் இடது கைப் பிடியையும் வேண்டுமென்றே தளர்த்தினேன். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்?

"என்ன மல்லி, மாடு மாதிரி ஒடம்பு, பிடி மட்டும் பச்சப் புள்ள பிடி?"

"களைப்பு சேர்."

இரண்டு நாள் ஓய்வெடுக்கச் சொல்லி விட்டுவிட்டார். கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்தேன். மடையன்.

அடுத்த மாதம் ஒரு மேட்ச். ஸ்க்ரமில் எதிரியின் சட்டையை வலது கையால் பற்றிக்கொள்ள வேண்டும். பற்றினேன். விரல்கள் தாமாகத் திறந்துவிட்டன, திறந்ததே எனக்குத் தெரியவில்லை. தோள் சரிந்தது. முகம் மண்ணில், மேலே அத்தனை பேரும். கழுத்துக்குள் ஏதோ முறிகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஆஸ்பத்திரியில் கழுத்தை வெட்டித் தகடு வைத்தார்கள். கை எத்தனை நாளாக மரத்திருந்தது என்று டாக்டர் கேட்டார். மூன்று மாதம் என்றேன். அவர் என் விரல் ஒவ்வொன்றையும் மடக்கிப் பார்த்தார். பிறகு, "அப்பவே சொல்லியிருந்தா இந்தக் கைய காப்பாத்தியிருக்கலாம்" என்றார்.

கிளப்பிலிருந்து ஆப்பிளும் திராட்சையும் கொண்டுவந்தார்கள். அடுத்த சனிக்கிழமை என் சட்டையை இன்னொருவன் போட்டுக்கொண்டான். விளையாடும் வரைக்கும் வேலை என்று சொல்லித்தானே கொடுத்தார்கள். அதன்படி வேலையும் போனது.

லயத்துக்குத் திரும்பினேன். நாங்கள் குடியிருக்கும் காம்பரா, அந்த ஒற்றை அறை, தோட்டத்துக்குச் சொந்தம், இத்தனை வருடம் விட்டுவைத்தோம், இனி வீட்டில் ஒருவராவது வேலைக்கு வர வேண்டும் என்று ஆள் அனுப்பிச் சொன்னார்கள். நான் போகிறேன் என்றேன். வேலைக்குப் போவதற்கு முதல் நாள் சாயந்திரம் அம்மாவின் பால் கத்தியை எடுத்துப்போய் லயத்துக்குப் பின்னால் ஒரு மரத்தில் வெட்டிப் பார்த்தேன். பட்டையை நூல் கனத்துக்குச் சீவ வேண்டும். மூன்று தடவை கத்தி கீழே விழுந்தது. நான்காவது தடவை பட்டையைத் தாண்டி மரத்திலேயே இறங்கிவிட்டது. இடது கையாலும் முயன்றேன். அது இன்னும் மோசம்.

இருந்தும் விடிந்ததும் கத்தியோடு வரிசையில் போய் நின்றேன்.

"என்னப்பா ரக்பி, கை எப்புடி?" என்றார் கணக்கப்பிள்ளை.

வழக்கமான பதில் நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

"மரத்துப் போச்சுங்க ஐயா. கத்தி நிக்க மாட்டேங்குது."

"அப்பறம் எதுக்கு வந்த? நீ மரத்த வெட்டி நாசமாக்குனா தொர என்னையில்ல கேப்பாரு. வீட்டுக்குப் போ."

நான் நகரவில்லை. எனக்குப் பின்னால் யாரோ இழுத்து இழுத்து நடந்து வரும் சத்தம் கேட்டது. அம்மா. வேலைக்குப் போகும்போது கட்டுகிற படங்குச் சாக்கை இடுப்பில் கட்டியிருந்தாள்.

"எம் பேரப் போடுங்க ஐயா."

கணக்கப்பிள்ளை அவள் காலைப் பார்த்தார். "முட்டி எப்புடி இருக்கு?"

"ஒன்னும் இல்லைங்க ஐயா."

அவர் பேரை எழுதினார். அம்மா என் பக்கம் கையை நீட்டினாள். கத்தியை இடது கையால்தான் கொடுக்க முடிந்தது.