துவைக்காத துணி

பழைய ஜீன்ஸை முழங்காலுக்குக் கீழே பிரித்து, முக்கோணத் துண்டு வைத்துத் தைத்து, பெல்பாட்டமாக்கித் தருவதில் பெல்ஸ் அக்காவை அடித்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆளில்லை. பெயரே அதனால் வந்ததுதான். தன் கையாலேயே அந்த வேலையை நாத்தனாருக்கும் கற்றுக்கொடுத்து, வினையை விலைக்கு வாங்கினாள்.

கற்றுக்கொண்டவள் என்ன செய்தாள்? நேர் எதிரிலேயே கடை போட்டாள். ‘எங்கள் சொந்த மாடல்’ என்று பலகை மாட்டினாள். அதோடு விட்டாளா? அக்காவிடம் வருஷா வருஷம் வரும் நடனக் குழுவையும் கொத்திக்கொண்டு போனாள். அந்தக் குழுவை நம்பித்தான் அக்காவின் கடையே ஓடியது. அவர்கள் போனால் ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான்.

“என் தங்கச்சிதானே, விட்டுக்கொடேன்” என்றான் கணவன். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள் நாத்தனாரே துணிப் பையோடு வந்து நின்றாள். குழுவில் எல்லாருக்கும் அந்த முக்கோணத் துண்டு ஒரே நிறத்தில் வேண்டுமாம். அக்கா எப்போதும் பழைய ஜீன்ஸிலிருந்தே துண்டு வெட்டுவாள். அக்கா புதுத் துணி வைத்துத் தைத்து நாத்தனார் பார்த்ததே இல்லை.

“அண்ணி, புதுத் துணி வாங்கிட்டேன். அப்படியே வெட்டலாம்ல?”

வெந்நீரில் முக்கித் துவைத்துக் காயவைக்காமல் புது ஜீன்ஸ் துணியில் கத்தரி வைக்கக் கூடாது. பழையது சுருங்கி முடித்தது. புதுசு இனிமேல்தான் சுருங்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அக்கா சொல்வாள்.

“தாராளமா வெட்டு. துவைச்சா புதுசுங்கற அழகே போயிடும்” என்றாள், ஊசியில் நூல் கோத்தபடி.

“நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணுவேன் அண்ணி!” என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள் நாத்தனார். அந்தக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அக்கா ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், அவளுக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

நாத்தனார் தைத்துக் கொடுத்த பிறகு ஒரே சலவைதான். துண்டெல்லாம் சுருங்கி, தையலோரம் இழுத்துக்கொண்டு, கால்கள் முட்டைக்கோஸாகச் சுருண்டுவிட்டன. நிகழ்ச்சியோ நெருங்கிவிட்டது. குழுத் தலைவி மூட்டையோடு அக்காவிடம் ஓடி வந்தாள்.

“புத்தி கெட்டு அங்க போயிட்டோம் அக்கா. எப்படியாவது காப்பாத்துங்க. இனிமே அந்தக் கடைப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டோம்.”

அக்கா மூட்டையை வாங்கி வைக்கும்போதே, அழுது வீங்கிய முகத்தோடு நாத்தனார் வாசலில் நின்றாள். அக்கா எழுந்து வெளியே போனாள்.

“தெரிஞ்சேதான் சொன்னீங்களா அண்ணி?”

“ஆமாடி, தெரிஞ்சேதான். என் மாடலத் தூக்கிட்டுப் போறப்ப என்னைக் கேட்டியா? போ, போய்ப் பலகையக் கழட்டு.”

அவள் திரும்பித் தெருவைக் கடந்து போனாள். அக்கா உள்ளே வந்து, முதல் ஜீன்ஸை மடியில் போட்டுக்கொண்டு பிரிக்க உட்கார்ந்தாள். ஒரு கோணல் தையலாவது அகப்பட்டால் தலைவியிடம் காட்டிச் சிரிக்கலாமே என்று, ஒவ்வொரு காலாகப் புரட்டிப் புரட்டித் தேடினாள். எல்லாமே நூல் பிடித்தாற்போல நேராக, இரட்டைத் தையலாக, அவள் சொல்லிக்கொடுத்தபடியே இருந்தன.

“ரொம்ப மோசமாத் தச்சிருக்காங்களா அக்கா?”

“கேவலமா” என்று சொல்லிவிட்டு அக்கா பிரிக்க ஆரம்பித்தாள்.