பீரோவில் பூட்டிய மாத்திரை

இதய வால்வு மாற்றிய பிறகு, ரத்தம் உறையாமல் இருக்க எனக்குத் தினமும் ஒரு மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரமே பல் துலக்கினால் வாஷ்பேசின் சிவந்தது. முழங்கை மேசையில் லேசாக இடித்தால் நாவல்பழ நிறத்தில் வீங்கியது. பரிசோதனையில், ரத்தம் தேவைக்கு மேல் நீர்த்துப்போயிருந்தது.

டாக்டர் என்னைப் பார்க்கவேயில்லை. என் மனைவியிடம் கேட்டார்: “சார் மறந்துபோய் ரெண்டு தடவை எடுத்துக்கறாரா?”

அவள் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள். நோயாளி என்றால் பொய் சொல்வான் என்பது அவளுடைய அசைக்க முடியாத விசுவாசம். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு ஒன்றுக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று இருவரும் தீர்ப்பெழுதினார்கள். விஜயநகர் வீட்டுக்கு வந்ததும் மாத்திரை டப்பா பீரோவுக்குள் போனது, நகைகளுக்குப் பக்கத்தில். தினமும் சாயங்காலம் பீரோ திறக்கும். “வாயத் தொறங்க. நாக்கத் தூக்குங்க.” நற்கருணை வாங்கும்போதுகூட நான் அவ்வளவு பயபக்தியாக நின்றதில்லை.

எங்கள் குடும்பத்தில் இதற்கு முன்னுதாரணமும் இருந்தது. என் அண்ணன் இதே மாத்திரை சாப்பிட்டு, மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார். மறதியில் கூடுதலாக விழுங்கிவிட்டார் என்று எல்லோரும் முடிவு செய்தோம்.

பூட்டிய பிறகும் ரத்தம் இன்னும் நீர்த்தது. “சாவி வச்ச எடத்த எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?” என்றாள். என் சாமர்த்தியத்தின் மேல் அவளுக்கு அப்படியொரு நம்பிக்கை கல்யாணமான நாளிலிருந்து வந்ததில்லை.

அடுத்த முறை எங்கள் டாக்டர் விடுப்பு. அவருக்குப் பதிலாக இருந்த இளம் டாக்டரம்மா, “ஒந்து ஜீன் டெஸ்ட் மாடோணா சார்” என்று, ஒரு ஜீன் டெஸ்ட் செய்துவிடலாம் எனக் கன்னடத்தில் சொல்லி ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வந்தது. இந்த மருந்தை என் உடம்பு மெதுவாகத்தான் செலவழிக்குமாம். நேற்றையது தீராமலே இன்றையது சேருமாம். நான் மந்தம் என்று என் பழைய தலைமையாசிரியர் சொன்னதை ஆய்வகமும் ஒப்புக்கொண்டது. மாத்திரை அளவில் பாதிக்கு மேல் குறைத்தார்கள்.

“இது பரம்பரையா வர்றது சார். கூடப் பிறந்தவங்க யாராவது இந்த மாத்திரை எடுக்கறாங்களா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“இப்ப யாரும் இல்ல” என்றேன்.

வீட்டில் மனைவி ரிப்போர்ட்டை மூன்று முறை படித்தாள். மன்னிப்புக் கேட்பது நர்ஸ் படிப்பில் இல்லைபோல. டப்பாவை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். நக்கலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஆஸ்பத்திரியில் அண்ணன் என் கையைப் பிடித்து, “ஒண்ணுதான்டா சாப்பிட்டேன்” என்றது ஞாபகம் வந்துவிட்டது. “சரிண்ணா” என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்து அண்ணியிடம், “நீங்க டப்பாவப் பூட்டி வச்சிருக்கலாம்” என்று சொன்னவன் நான்.

மறுநாள் குண்டலுபேட்டைக்கு பஸ் ஏறினேன். அண்ணி மகளோடு அங்கேதான் இருக்கிறார். ரிப்போர்ட்டைக் கொடுத்து விளக்கினேன். அண்ணனுக்கும் இப்படி இருந்திருக்கலாம் என்றேன். அவர் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“பூட்டித்தான் வச்சிருந்தேன் தம்பி” என்றார்.