சிவப்புக் கதிரை எனக்குத்தான்!

போன கிழமை நான் ஒரு போட்டியில் வென்றேன்.

சிரிக்காதீர்கள். உண்மையாகத்தான்! இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும் – என் வாழ்க்கையில் நான் ஓடியது பஸ்ஸைப் பிடிக்க மட்டும்தான். அதிலும் பாதி நாள் பஸ்தான் வெல்லும்.

எங்கள் வீட்டு ஹோலில் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கிறது. மேல்தட்டு முழுக்க என் மனைவி வசந்தி பள்ளிக்கூடக் காலத்தில் வலைப்பந்தில் வாங்கிய கப்புகள். நடுத்தட்டு மகளுடையது – பேச்சு, நடனம், சதுரங்கம். கீழ்த்தட்டில்... பீங்கான் கோப்பைகள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் வசந்தி அலுமாரிக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். "மேல என்ட, நடுவில மகள்ட." அப்போ அவருடையது எங்கே என்று வந்தவர் கேட்டுவிட்டால் போச்சு. "கீழ இரிக்கி. அவர் தேத்தண்ணி குடிக்கிற கோப்பை!" எத்தனை வருடமாக ஒரு மனிதன் இந்தப் பகிடியைத் தாங்குவான்? நீங்களே சொல்லுங்கள்.

அதனால்தான் இந்தச் சித்திரை வருடப் பிறப்புக்கு, வாவிக்கரை மைதானத்தில் எங்கள் பகுதிப் பெடியன்கள் விளையாட்டு விழா வைத்தபோது, வாய் தவறி அறிவித்துவிட்டேன். "இந்தமுறை அலுமாரிக்குள்ள வைக்க நானும் ஒண்டு கொண்டு வாறன், பாரு!"

"ஓம், ஓம்... பாப்பம்" என்றாள் வசந்தி. அந்த இரண்டாவது 'ஓம்' இருக்கிறதே, அதுதான் என்னைச் சுட்டது.

சரி, எதில் வெல்வது? வழுக்கு மரம்? என் வயிற்றை நான் அறிவேன். தலையணைச் சண்டை? கண்ணாடியைக் கழற்றினால் எனக்கு எதிரியே தெரியமாட்டார். கண்ணைக் கட்டிக்கொண்டு, பலகையில் கீறிய யானைக்குக் கண் வைத்தல்? போன வருடம் நான் கண் வைத்தது யானைக்கு அல்ல, பலகைக்குப் பக்கத்தில் நின்ற ஊர்ச் சங்கத் தலைவரின் வெள்ளைச் சேட்டுக்கு. அவர் இன்னும் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை.

மிஞ்சியது சங்கீதக் கதிரை, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கானது. பாட்டுப் போகும்வரை கதிரைகளைச் சுற்றி ஓட வேண்டும். பாட்டு நின்றதும் உட்கார வேண்டும். எப்போதும் ஒரு கதிரை குறைவு. இடம் கிடைக்காதவர் வெளியே. இதற்கு உடம்பு தேவையில்லை, காது போதும் என்று நினைத்தேன்.

ஆனால், டெரன்ஸ் அண்ணன் இருக்கிறாரே!

எங்கள் வீதிப் பறங்கியர், போர்த்துக்கீச வழிவந்தவர். ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். இந்த வயதிலும் விடியற்காலையில் பாலத்தடிவரை ஓடிவிட்டு வந்து, நான் பல் துலக்குவதை மதிலுக்கு மேலால் பார்த்துச் சிரிப்பவர். கதிரைப் போட்டியில் வருடா வருடம் அவர்தான். "என்ன தம்பி, நீங்களும் ஓடப்போறீங்களாம்? பிளாஸ்டிக் கதிரை... பாத்து இரிங்க" என்றார். செய்து காட்டுகிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

முதலில் பெண்களின் போட்டி நடந்தது. நான் ஓரமாய் நின்று ஓடுகிறவர்களைப் பார்க்கவில்லை. பாட்டுப் போடுகிறவரைப் பார்த்தேன். செங்கலடியில் இருந்து சவுண்ட் செட்டோடு வந்த ரவி. கோயில் திருவிழாக்களில் இசைக்குழுவோடு கீபோர்ட் வாசிப்பவர். ஓரவஞ்சனை கூடாதென்று அவரை மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்திருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் விஷயம் பிடிபட்டது. ரவி எந்தப் பாட்டையும் ஒரு வரியின் நடுவில் நிறுத்தவில்லை! வரி முடிய வேண்டும், தாளம் வந்து சேர வேண்டும், அதற்குப் பிறகுதான் விரல் பட்டனுக்குப் போகிறது. சங்கீதக்காரன் அல்லவா... பாதியில் வெட்ட மனம் வரவில்லை.

ரவி மட்டுமா? நம்முடைய ஊரே அப்படித்தானே! வீட்டு வாசலில் இறக்கிவிட்ட பிறகும், சரணம் முடியும்வரை எஞ்சினை நிறுத்தாமல் இருக்கும் ஓட்டோக்காரர்கள் எத்தனை பேர்? பாட்டு முடியுமட்டும் கத்தரிக்கோலை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நிற்கும் என் சலூன்காரரை என்ன செய்வது? அரை மீசையோடு நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

எங்கள் போட்டி தொடங்கியது. மற்றவர்கள் ஓடினார்கள். நான் நடந்தேன். வரி தொடங்கும்போது ஆறுதலாக. வரி முடியப்போகும்போது ஒரு கதிரைக்குப் பக்கத்தில் மெதுவாக... நிறுத்தம்! டப். உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் டப். சங்கத் தலைவர் போனார், மருந்துக்கடைக்காரர் போனார், என் சொந்த மைத்துனர் போனார். வசந்தி கூட்டத்தின் முன்வரிசைக்கு வந்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

கடைசியில் ஒரே ஒரு கதிரை. சிவப்பு நிறம், கடை ஸ்டிக்கர்கூடக் கழற்றாத புதுக் கதிரை. அதற்கு இந்தப் பக்கம் டெரன்ஸ் அண்ணன், அந்தப் பக்கம் நான்.

அப்போது பார்த்துக் கூட்டம் கத்தத் தொடங்கியது. "பைலா! பைலா போடுங்க!"

பைலா என்றால் எங்கள் ஊரின் துள்ளல் ஆட்டப்பாட்டு. பைலாவில் வரி எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது? அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். என் வித்தை அவ்வளவும் தண்ணீரில் போச்சு. அலுமாரி... கோப்பை... வசந்தியின் அந்த இரண்டாவது 'ஓம்'... எல்லாம் கண் முன்னால் வந்தன.

பாட்டு எழும்பியது. ஓடினேன். இந்தமுறை உண்மையாகவே ஓடினேன். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. மூச்சு வாங்கியது. டெரன்ஸ் அண்ணனைப் பார்த்தால்... முதலில் தோள் ஆடியது. பிறகு இடுப்பு. கூட்டத்துக்குள் இருந்து அவருடைய மனைவி மெர்லின் அக்கா முகம் துடைத்த கைலேஞ்சியைச் சுழற்றிக்கொண்டு ஆட, இவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

பாட்டு நின்றது.

கதிரைக்குப் பக்கத்தில் நின்றது அவர்தான். நானோ எதிர்ப்பக்கம். "இரிங்க சேர், இரிங்க!" என்று அவரிடம் படித்தவர்கள் எல்லாம் கத்தினார்கள். மனிதர் கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத பாட்டுக்கு இன்னும் ஒரு சுற்றுச் சுழன்றார். நான் பாய்ந்தேன். கண்ணாடி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். நான்... கதிரையில்!

வென்றுவிட்டேன்! அந்தச் சத்தம் பாலத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டுமே!

டெரன்ஸ் அண்ணன் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். "பாட்டு நிண்டா உடனே நிக்கிறதுக்கு நான் என்ன ரேடியோவா தம்பி?" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவருக்கும் கைதட்டல் ஓயவில்லை. இப்படித் தோற்கவும் ஒரு கொடுப்பினை வேண்டும். ஆனாலும் வென்றது நான்தான், அதை மறந்துவிடாதீர்கள்.

பரிசு? ஒலிவாங்கியில் அறிவித்தார்கள். "முதலாம் பரிசு... அவர் இருக்கிற அந்தக் கதிரை!"

கப் இல்லையா? ஒரு சின்னக் கப்? இல்லை. கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீதி நீளம் நடந்தேன். வசந்தி பக்கத்தில் வந்தாள். வீட்டுக்குப் போய் அலுமாரியைத் திறந்தாள். கதிரையைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், சிரித்தாள். "உள்ளுக்கு எப்படி வைக்கிற? மறுகா பாப்பம்" என்றாள். என் மகிழ்ச்சியில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

அடுத்த நாள் பின்னேரம் டெரன்ஸ் அண்ணன் லவ் கேக்கோடு வந்தார். ஹோலில் அலுமாரிக்குப் பக்கத்தில் சிவப்புக் கதிரை துடைத்து வைக்கப்பட்டிருந்தது. "ஆ, இதுதானே!" என்று குனிந்து உட்காரப் போனார்.

குசினிக்குள் இருந்து வசந்தி ஓடி வந்தாள்.

"ஐயோ அண்ணன், அதுல இரிக்காதீங்க! அது கதிரையில்ல... அவர்ட கப்!"

பாவம் டெரன்ஸ் அண்ணன். அதே கதிரையை இரண்டாம் முறையும் தவறவிட்டார்.